படமெடுக்க அனுமதி தேவையில்லை

அன்றைக்கு நான் ஜெயித்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு வாய் வராது.

நான் பல் செட் செய்கிறவன். பல் மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். நான் மாடியறையில் உட்கார்ந்து மெழுகில் வரிசை கட்டி, பதம் பார்த்து, பல்லாக்கிக் கொடுப்பேன். ஒரு முடியளவு உயர்ந்தாலும் மெல்லும்போது இடிக்கும். போன பல் மறுநாளே திரும்பி வந்துவிடும். எல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்பது என் பிழைப்பு. நாளடைவில் அதுவே குணமாகிவிட்டது. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவர்கள் உண்டு. நான் அவர்களைவிட மோசம். முயலைத் தூக்கிவந்து நாலு காலையும் எண்ணிக் காட்டி, எதிராளியிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் படம் எடுப்பேன். இன்ஜின்கள், பெட்டிகள், சிக்னல் கம்பங்கள். யாருக்கும் விற்பதில்லை, எங்கும் போட்டிக்கு அனுப்புவதில்லை. என்னைப்போல நாற்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். அதில் படங்களைவிட அதிகமாக வருவது ஒரே ஒரு சண்டைதான்: ஸ்டேஷனில் படம் எடுக்க அனுமதி வேண்டுமா, வேண்டாமா? ஒரு காவலர் செல்போன் என்றால் சரி, கேமரா என்றால் தப்பு என்பார். இன்னொருவர் இன்ஜினை எடுக்கலாம், தண்டவாளத்தை எடுக்கக் கூடாது என்பார். தண்டவாளம் இல்லாமல் இன்ஜின் எங்கே நிற்கும் என்று கேட்டால் கேமராவைப் பிடுங்குவார். ஆளுக்கொரு சட்டம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ரயில்வே தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். எட்டு மாதத்தில் ஐந்து கடிதம். கடைசியில் முத்திரை வைத்து ஒரு பதில் வந்தது. வணிக நோக்கமின்றி, மூன்று கால் ஸ்டாண்டும் விளக்கும் இல்லாமல், பயணிகளுக்கு இடைஞ்சல் தராமல் பொழுதுபோக்குக்காகப் படம் எடுப்பவர்கள் முன் அனுமதி பெறத் தேவையில்லை. அதை லேமினேட் செய்து கேமராப் பையில் வைத்துக்கொண்டேன். யாராவது வந்து தடுக்க மாட்டார்களா என்று அதற்குப் பிறகு நான் ஏங்கவே தொடங்கிவிட்டேன். உள்ளதைச் சொல்கிறேன்.

ஞாயிறு என்றால் அண்ணனும் என்னோடு வருவான். ஐந்து வருடத்துக்கு முன்பு பட்டறையில் மேலிருந்து சரிந்த இரும்புக் குழாய் அவன் தலையில் விழுந்தது. உயிர் தப்பியது. ஆனால் அப்போதிலிருந்து வலிப்பு வரும். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று மூன்று வேளை மாத்திரை. அரை மணி தவறினாலும் ஆளைக் கீழே தள்ளிவிடும். ஒருமுறை குளியலறையில் விழுந்து முன்பல் இரண்டும் உடைந்தன. இப்போது அவன் வாயில் இருப்பவை நான் கட்டிய பற்கள். மற்றபடி நடப்பான், சாப்பிடுவான், சிரிப்பான். உட்கார் என்றால் உட்கார்வான்.

அண்ணி மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். ஆறு நாளும் கொதிக்கிற நீராவிக்கு நடுவே படுக்கை விரிப்பு மடிக்கிறவளுக்கு, ஞாயிறு காலை நாலு மணி நேரம்தான் தூக்கம். அதற்காகத்தான் அண்ணனை நான் கூட்டிப்போவேன். அவளுக்கு ஓய்வு, எனக்கு ரயில், அண்ணனுக்கு வேடிக்கை. ஒரே கல்லில் மூன்று மாங்காய் என்று நானே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதுண்டு.

அண்ணன் கழுத்தில் அவள் ஒரு அட்டை மாட்டியிருப்பாள். பெயர், வியாதி, போன் நம்பர் எல்லாம் அதில் இருக்கும். ஸ்டேஷனுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி என் பையில் போட்டுக்கொள்வேன். நான் கூட இருக்கும்போது அட்டை எதற்கு? ஆளைப் பார்சல் மாதிரி ஆக்குவதா? இதுவும் என் நியாயங்களில் ஒன்று.

அந்த ஞாயிறு முதல் பிளாட்பாரத்தில் கடிகாரத்துக்குக் கீழே இருக்கும் பெஞ்சில் அண்ணனை உட்கார வைத்தேன். பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு பழைய டீசல் இன்ஜின் உள்ளே வந்தது. உடைத்துக் காயலான் கடைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று குழுவில் ஒரு வாரமாகப் பேச்சு. நான் மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது.

வந்தவர் போலீஸ் இல்லை, ரயில்வே பாதுகாப்புக் காவலர். ஐம்பது வயதிருக்கும். கழுத்தில் விசில் தொங்கியது. பெயர் எனக்குத் தெரியாது. மனதுக்குள் விசில்காரர் என்றே வைத்துக்கொண்டேன்.

"சார், படம் எடுக்க பெர்மிஷன் இருக்கா?"

"தேவையில்லை."

"தேவையா இல்லையான்னு நாங்க சொல்லணும் சார். ரூமுக்கு வாங்க."

என் மனசு துள்ளியது. எட்டு மாதம் காத்திருந்த கேள்வி அல்லவா? அண்ணனைப் பார்த்து, "இங்கயே இரு, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி விசில்காரரின் பின்னால் போனேன்.

அறை பிளாட்பாரத்தின் மறுகோடியில் இருந்தது. ஒரு மேஜை, ஒரு தடித்த பதிவேடு, சுவரில் இரண்டு திரை, அவற்றில் ஸ்டேஷனின் மூலை முடுக்கெல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாக. நான் லேமினேட் தாளை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் படித்தார். மறுபடி படித்தார்.

"இது பழசா இருக்கலாம்."

"தேதி பாருங்க."

"பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்கு சார்."

"அது எந்த விதியில இருக்கு? எழுத்துல காட்டுங்க."

"எடுத்த படத்தை ஒருதரம் காட்டுங்களேன், பாத்துட்டு விட்டுடறேன்."

"படத்தைக் காட்டணும்னு விதி இருக்கா? அதையும் எழுத்துல காட்டுங்க."

அவர் பாவம், எதிர்த்துப் பேசத் தெரியாதவர். நான் ஒவ்வொரு வாக்கியத்தையும் விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். அவர் மேலதிகாரிக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் இருந்தவர் இரண்டே நிமிடத்தில், அந்த ஆள் சொல்வது சரிதான், விடுங்கள் என்று சொல்லிவிட்டார். விசில்காரர் எழுந்து, "மன்னிச்சுக்கோங்க சார், நீங்க போலாம்" என்றார்.

அப்போதே நான் போயிருக்கலாம். மணி பத்தரைதான் ஆகியிருந்தது. ஆனால் முயலின் கால் கணக்கு இன்னும் முடியவில்லையே! "இதைப் பதிவேட்டுல எழுதுங்க. இனிமே என்னை யாரும் நிறுத்தக் கூடாது" என்றேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. என்ன எழுத வேண்டும் என்று நானே சொல்லச் சொல்ல, அவர் மெதுவாக, எழுத்துக்கூட்டி எழுதினார். ஒரு வார்த்தை தப்பாகிவிட்டது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னேன். கையெழுத்து, தேதி, நேரம். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். கீழே ஒரே ஒரு சொல்: வெற்றி.

வெளியே வந்தபோது மணி பதினொன்று ஐந்து. பெஞ்சில் அண்ணன் இல்லை.

முதலில் பதறவில்லை. எழுந்து இன்ஜினைப் பார்க்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். இன்ஜினே அங்கு இல்லை. தண்ணீர்க் குழாயடி, டிக்கெட் கவுண்டர், டீக்கடை எங்கும் இல்லை. டீக்கடைக்காரர் தலையாட்டினார்: "நான் எங்கங்க பாத்தேன், கூட்டம் அப்படி." கழிப்பறைக்கு ஓடினேன். கதவில் பூட்டுத் தொங்கியது. அப்படியானால் இங்கே இல்லை என்று திரும்பினேன். மேம்பாலத்தில் ஏறி இரண்டாவது, மூன்றாவது பிளாட்பாரங்களில் தூணுக்குத் தூண் தேடினேன். அண்ணா அண்ணா என்று நான் கத்துவதைக் கேட்டு யார் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். சட்டைப்பையில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தால் எல்லாம் கைதட்டுகிற பொம்மைகள். 'கலக்கிட்டீங்க தலைவா.' 'சிங்கம்.' 'ஃபிரேம் போட்டு மாட்டுங்க.' அந்த நாற்பது பேரையும் அந்த நிமிடம் நான் வெறுத்தேன்.

தண்டவாளத்தை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டுதான் குனிந்தேன். கடவுளே, அங்கே மட்டும் வேண்டாம்.

ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொன்னேன். அறிவித்தார்கள். விசாரணை ஜன்னலில் இருந்த அம்மா கணினியைப் பார்த்துச் சொன்னாள்: பத்து இருபதிலிருந்து பதினொன்றுக்குள் மூன்று வண்டிகள் போயிருக்கின்றன. ஒன்று வடக்கே, ஒன்று கடற்கரைப் பக்கம், ஒன்று மலைப் பக்கம்.

"எந்த வண்டின்னு சொல்லுங்க. அடுத்த ஸ்டேஷனுக்குத் தகவல் கொடுக்கலாம்."

"தெரியலையேம்மா! மூணுலயும் தேடச் சொல்லுங்க."

"எந்த வண்டியிலயும் ஏறாம வெளிய போயிருந்தா? சும்மா மூணு வண்டியை நிறுத்த முடியாதுங்க. முதல்ல கேமராவுல பாருங்க."

கேமரா. விசில்காரரின் அறைச் சுவரில் இருந்த அந்த இரண்டு திரைகள். ஓடினேன்.

அவர் பதிவேட்டை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

"காணாமப் போனவங்க விஷயத்துல பதிவைப் பாக்கணும்னா போலீஸ் எழுதித் தரணும் சார். ஸ்டேஷன் மேலாளர் கையெழுத்துப் போடணும்."

"அவங்க எங்க?"

"மேலாளருக்கு இன்னிக்கு லீவு. போலீஸ்காரர் ஒரு கைதியைக் கொண்டுபோய் விடப் போயிருக்கார். பன்னண்டரை ஆகும்."

"ஒரு மணிக்கு மாத்திரைங்க! இல்லன்னா வலிப்பு வரும். ஓடற வண்டியில, கதவுப் பக்கத்துல வந்துச்சுன்னா என்ன ஆகும்? ரெண்டு நிமிஷம் பாத்தாப் போதும். யாருக்குத் தெரியப்போகுது?"

"இங்க யார் எப்ப எதைப் பாத்தான்னு அந்தப் பெட்டியே கணக்கு வச்சுக்குது சார். போன மாசம் ஒரு பையன் இரக்கப்பட்டு யாருக்கோ காட்டினான். வேலை போயிடுச்சு." கொஞ்சம் நிறுத்தி, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்கதானே சொன்னீங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல வேணும்னு" என்றார்.

அதைக் குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று இன்றுவரை தெரியவில்லை. லேமினேட் தாளை எடுத்துக் கிழிக்கப் பார்த்தேன். அது கிழியவில்லை. லேமினேட் செய்தது வேறு எதற்காம்? வளைந்தது, நிமிர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அண்ணி போன் செய்தாள். தூங்கி எழுந்திருக்கிறாள். குரலிலேயே தெரிந்தது, என்ன ஒரு நிம்மதி.

"தம்பி, கிளம்பிட்டீங்களா? அடுப்புல வைக்கட்டுமா?"

மறைக்க நினைத்தேன். முடியவில்லை. கேமரா இருக்கிற அறையில் நிற்கிறேன் என்பது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"உங்ககிட்ட கேட்டாரா?" என்றாள்.

"என்ன அண்ணி?"

"எங்க போனாலும் கேப்பாரே. தண்ணி குடிக்கறதுக்குக்கூட என்கிட்ட கேட்டுட்டுத்தான் எந்திரிப்பார். அஞ்சு வருஷமா சொல்லிச் சொல்லிப் பழக்கியிருக்கேன் தம்பி. கேக்காம ஒரு அடி வைக்க மாட்டார். உங்ககிட்ட கேட்டாரா?"

"இல்ல அண்ணி. சத்தியமா கேக்கல."

"அப்ப யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "அவரா போகமாட்டார். யாரோ கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. நான் மாத்திரையோட வரேன்."

போனை வைத்துவிட்டு விசில்காரரின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். விழவில்லை, உட்கார்ந்தேன். "நான் பேசினதெல்லாம் தப்புங்க. உங்களைப் போட்டு அவமானப்படுத்திட்டேன். என்னை என்ன வேணாலும் பண்ணுங்க, அந்தத் திரையை மட்டும் ஒருதரம் காட்டுங்க."

"எந்திரிங்க சார், எந்திரிங்க" என்று அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் வைத்தார். பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியைத் தேய்த்தார்.

"ஒரு வழி இருக்கு" என்றார். "விதிமீறல் நடந்தா, அந்த நேரத்துப் பதிவை நானே பாக்கலாம். அதுக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். சம்பந்தப்பட்ட ஆளைப் பக்கத்துல உக்கார வச்சு, இது நீதானான்னு கேக்கலாம்."

"என்ன விதிமீறல்?"

"அனுமதி இல்லாம படம் எடுத்தது."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எட்டு மாதம், ஐந்து கடிதம், முத்திரை. எல்லாவற்றையும் நானே அடித்துவிட வேண்டும்.

"எழுதுங்க" என்றேன். "நானே எழுதறேன், குடுங்க."

அவர் எழுதியதற்குக் குறுக்கே கோடு போட்டுவிட்டு, கீழே நான் எழுதினேன். அனுமதியின்றியும், காவலர் தடுத்தும் கேளாமலும் படம் எடுத்தேன். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இனி இந்த ஸ்டேஷனில் கேமராவோடு நுழைய மாட்டேன். கடைசி வரியை அவர் கேட்கவில்லை. நானாகச் சேர்த்தேன். கேமராவையும் மேஜைமேல் வைத்தேன். கையெழுத்து, தேதி, நேரம்.

திரையைப் பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஓட்டினார். நான் மண்டியிட்டுப் படம் எடுக்கிறேன். விசில்காரர் வருகிறார். நாங்கள் போகிறோம். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டு. வேகமாக ஓட்டினார். மக்கள் எறும்பு மாதிரி போகிறார்கள், வருகிறார்கள். அண்ணன் அசையவில்லை. பத்து நாற்பத்தொன்றில் எழுந்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். நேராக இந்த அறைப் பக்கம் நடந்தான்.

"இங்கதான் வர்றார்" என்றார் விசில்காரர். அடுத்த கட்டத்தைப் பெரிதாக்கினார். இந்த அறையின் வாசல்.

அண்ணன் வாசலில் நின்றான். உள்ளே நான் முதுகைக் காட்டிக்கொண்டு மேஜைமேல் குனிந்து, பதிவேட்டில் விரல் வைத்து எதையோ சொல்லிக்கொண்டிருக்கிறேன். அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். வாய் அசைந்தது. நான் திரும்பவில்லை. அவன் உள்ளே இரண்டடி வைத்து என் தோளைத் தொட்டான். மறுபடி வாய் அசைந்தது. நான் தலையைத் திருப்பாமலே, கையை மட்டும் பின்னால் வீசினேன். போ, போ. ஈ ஓட்டுவது மாதிரி.

அண்ணன் தலையாட்டினான். சரி என்று சொன்னது உதட்டிலேயே தெரிந்தது. போய்விட்டான்.

எனக்கு அது ஞாபகமே இல்லை. தோளில் ஒரு கை பட்டது கூட ஞாபகமில்லை. விசில்காரருக்கும் இல்லை, அவர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார், நான்தானே எழுத வைத்தேன். என்ன எழுதும்போது என்றுகூட எனக்குத் தெரிந்துவிட்டது. தப்பான வார்த்தையை அடிக்கச் சொன்னேனே, அப்போது.

மற்றதைப் பார்க்க எனக்குக் கண் தெரியவில்லை. விசில்காரர்தான் சொல்லிக்கொண்டே வந்தார். கழிப்பறைக்குப் போகிறான். பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறான். காலை மாற்றி மாற்றி நிற்கிறான், அவசரம் போல. எதிரே மலைப் பக்கம் போகிற வண்டி நிற்கிறது. அதில் ஒருவர் கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார். அண்ணன் அதைப் பார்க்கிறான். கடைசிப் பெட்டியில் ஏறுகிறான். பத்து நாற்பத்தெட்டுக்கு வண்டி நகர்கிறது.

விசில்காரர் அடுத்த நொடி போனை எடுத்துவிட்டார். நான் பேயறைந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். மலைவண்டியில் இருக்கும் டிக்கெட் பரிசோதகருக்குப் போன் சிக்னல் கிடைக்கவில்லை. வழியில் சின்னச் சின்ன ஸ்டேஷன்கள், அங்கெல்லாம் ஆள் இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் ஆளிருக்கிற ஸ்டேஷனில் நிற்கும். அங்கே சொல்லி வைத்திருக்கிறேன், நாலு நிமிடம் நிற்கும், ஏறிப் பார்ப்பார்கள் என்றார்.

மணி பதினொன்று ஐம்பது. ஐம்பது நிமிடம். இடையில் இறங்கியிருந்தால்? கதவருகே நின்றிருந்தால்? நான் நகத்தைக் கடித்துக் கடித்து ரத்தம் வரவழைத்தேன். விசில்காரர் தன் டீயை என் பக்கம் நகர்த்தினார். திரையை அணைத்தார். நாங்கள் பார்த்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பன்னிரண்டேகாலுக்கு அண்ணி வந்தாள். தலை வாரவில்லை. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், ஒரு கையில் மாத்திரை. டப்பாகூட இல்லை, மாத்திரையை அப்படியே உள்ளங்கையில் பொத்திக்கொண்டு வந்திருந்தாள். என்னைத் தாண்டி விசில்காரரிடம் போனாள்.

"யாரு கூட்டிட்டுப் போனா? கேமராவுல பாத்தீங்களா? யாரு?"

"யாரும் கூட்டிட்டுப் போகலம்மா. தானா ஏறியிருக்கார்."

"தானா ஏற மாட்டாருங்க. என் புருஷனை எனக்குத் தெரியாதா? கேக்காம போகவே மாட்டார். எனக்குக் காட்டுங்க, நான் பாக்கறேன்."

விசில்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? நிமிர்ந்து உட்கார்ந்து, கறாராக, "அனுமதி இல்லாம காட்டக் கூடாதும்மா. விதி அப்படி" என்றார்.

எனக்காகச் சொன்னார். காலையிலிருந்து அவரை நான் படுத்தியதற்கு, அவர் எனக்குச் செய்த பதில் அது. நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். காட்டுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சரியில்லாததைக் கண்டால் பொறுக்காது என்று மார்தட்டுகிற நான், அந்தப் பொய்க்குப் பின்னால் பேசாமல் ஒளிந்துகொண்டேன். அண்ணி சுவரில் சாய்ந்து, "சத்தியமா கேக்கலைன்னு சொன்னீங்களே தம்பி" என்று யாரிடமோ பேசுவது மாதிரி சொன்னாள்.

பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. விசில்காரர் அவளுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆள் இருக்கார் சார். கடைசிப் பெட்டி, கதவோரமா நிக்கறார். ஆனா இறங்க மாட்டேங்கறார். கையைப் பிடிச்சா உதர்றார். ரெண்டு நிமிஷத்துல வண்டி எடுத்துடுவாங்க."

அண்ணி பாய்ந்து போனைப் பிடித்தாள். "அவர்கிட்ட குடுங்க. என்னங்க, நான்தான் பேசறேன். இறங்குங்க. கீழ இறங்குங்க."

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். பிறகு அண்ணன் குரல், பயந்துபோய்.

"திட்டாதே. நான் கேட்டுட்டுத்தான் வந்தேன். தம்பிகிட்ட ரெண்டு தரம் கேட்டேன். போகச் சொன்னான். நீ வேணா அவனைக் கேளு."

அண்ணி என்னைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன், அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் போனை என் வாய்க்கு நேராக நீட்டினாள்.

"சொல்லுங்க" என்றாள். "நீங்க சொன்னாத்தான் இறங்குவார்."

"அண்ணா" என்றேன்.

"தம்பி, இறங்கட்டுமா?"

"இறங்குண்ணா. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்கு. நான்தான் சொல்றேன். நான்தான் போகச் சொன்னேன், தப்பு என்மேலதான். இப்ப இறங்கு."

"சரி" என்றான். விசில் சத்தம் கேட்டது. யாரோ, பாத்து, பாத்து என்றார்கள். பிறகு அந்த ஆள், "இறங்கிட்டார் சார். பெஞ்சுல உக்கார வச்சிருக்கோம். வண்டிக் கழிப்பறையில ஆள் இருந்துச்சாம், துணியெல்லாம் நனைஞ்சிருக்கு, பாவம். கை லேசா நடுங்குது" என்றார்.

கை நடுங்குவது எதற்கு அறிகுறி என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மலைவண்டி ஊர்ந்து சுற்றிப் போகிற அந்த ஊருக்கு, குறுக்குச் சாலையில் காரில் போனால் அரை மணி. மாத்திரை இங்கே, அவள் உள்ளங்கையில் வியர்வையில் நனைந்து கிடக்கிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் கூர்மையாக எதுவும் இருக்கக் கூடாது, வாயில் எதையும் திணிக்காதீர்கள் என்று அவள் வேகவேகமாகச் சொன்னாள். ஐந்து வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வார்த்தைகள். சொல்லி முடித்ததும் போனை வைத்துவிட்டு வெளியே ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

வாசலில் ஒரு டாக்ஸி கிடைத்தது. அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவு திறந்தே இருந்தது. நான் வெளியே நின்றேன். ஏற எனக்குத் தைரியம் வரவில்லை.

"அண்ணி, நானும் வரட்டுமா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மாத்திரை இருந்த கையை இன்னும் இறுக மூடிக்கொண்டாள். டிரைவர், "ஏறப்போறீங்களா இல்லையா?" என்றார். மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

"ஏறுங்க" என்றாள் அண்ணி. "அங்க போனதும் அவர் உங்களைத்தான் கேப்பார்."

நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஏறிக் கதவைச் சாத்தினேன். பையிலிருந்த அண்ணனின் அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன்.